பெரிய கத்தியைக் காட்டுக்குள் உடம்பில் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி இது: முல்லைத்தீவுப் பக்கம், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரமாக இருக்கும் காணிக்கு மோட்டார் சைக்கிளில் 6 கிலோமீற்றர் போய், பிறகு பத்தைக்குள்ளால் 2 கிலோமீற்றர் நடக்க வேண்டும். கொண்டுபோவது இரண்டு கத்தி. ஒன்று கம்மாலையில் அடித்த, மூக்கு வளைந்த காட்டுக்கத்தி. மற்றது கடையில் வாங்கிய 18 அங்குல நேர் அலகுக் கத்தி. இடுப்பில் தொங்கவிட்டால் முழங்காலில் அடிக்கிறது, முதுகில் கட்டினால் எடுக்க வரவில்லை, கையில் பிடித்தால் கை உளைகிறது. எது நல்ல வழி?

அலகு 12 அங்குலத்துக்குள் என்றால் இடுப்புப் பட்டி போதும். 14 அங்குலத்துக்கு மேல் போனால் தோளில் குறுக்குப் பட்டி, அதற்கு மேலால் இடுப்பில் ஒரு கட்டு. முதுகில் கட்டுவதை விட்டுவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது உடம்பில் கத்தியே இருக்கக்கூடாது.

அதற்கு முதல் ஒன்று: இரண்டு கத்தியும் ஒரே நாளில் வேண்டுமா? 18 அங்குலக் கத்தியின் அலகு 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான் இருக்கும். புல்லு, கொடி, சூரை, விடத்தல் தளிர் போன்றவற்றை வீசி வெட்ட அது நல்லது. அதைக் கொண்டு காய்ந்த பாலைக் கொப்பிலோ வீரையிலோ கொத்தினால் துள்ளித் திரும்பும், இல்லாவிட்டால் வாய் மடியும். லொறி வில்லுத்தகட்டில் அடித்த காட்டுக்கத்தி பிடிக்கு அருகில் 5, 6 மில்லிமீற்றர் தடிப்பு, நிறை 700 கிராமுக்குக் குறையாது. அது கொப்பு வெட்டவும் கட்டை பிளக்கவும். பாதை திறந்துகொண்டு போவது மட்டும் அலுவல் என்றால் 12 அல்லது 14 அங்குல மெல்லிய அலகு தாராளம். நீளம் கூடினால் வேலை கூடும் என்று நினைத்துத்தான் பலரும் 18, 20 அங்குலம் வாங்குகிறார்கள். அடர்ந்த பத்தைக்குள் அதை வீச இடமே கிடைக்காது. நீளக் கத்தியைக் காணிக் கொட்டிலில் விட்டுவிட்டு, குட்டையானதோடு நடப்பதுதான் முதல் வசதி.

சரி, முழங்காலில் ஏன் அடிக்கிறது? நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு இடுப்புப் பட்டியில் இருந்து முழங்கால் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் கீழே. 18 அங்குல அலகு 46 சென்ரிமீற்றர். உறையின் நுனியையும் பட்டியில் இருந்து தொங்கும் வாரையும் சேர்த்தால் நுனி சரியாக முழங்காலுக்கு வந்து நிற்கும். மேலே ஒரே இடத்தில் மட்டும் கட்டியிருப்பதால் அது மணிக்கூட்டு ஊசல்போல ஆடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் உங்கள் காலே அதைத் தள்ளிவிடுகிறது. இதைத் தவிர்க்க உறையை உயர்த்திக் கட்டினால் குந்தும்போது பிடி விலாவில் குத்தும். வாரை நீட்டித் தாழ்த்தினால் நுனி கொடியில் கொழுவும். ஆகவே உயரத்தை மாற்றி மாற்றிக் கட்டிப் பயனில்லை. கத்தியை இரண்டு இடத்தில் பிடித்து, சற்றுச் சரிவாகப் படுக்கவைக்க வேண்டும்.

குட்டைக் கத்திக்கு அந்த இரண்டாவது பிடி தொடையில். உறையின் கீழ்ப்பகுதியில் ஒரு துளை போட்டு, பழைய சைக்கிள் ரியூப்பில் 2 அங்குல அகல வளையம் வெட்டித் தொடையில் மாட்டலாம். கயிறு வேண்டாம். கயிறு நடக்க நடக்க இறுகித் தோலை உரஞ்சும், ரப்பர் காலோடு விரிந்து சுருங்கும். சாரம் கட்டிப் போகிறவர்களுக்குத் தொடைக் கட்டு சரிவராது. அவர்கள் நீளம் எதுவானாலும் தோள் பட்டிக்கே போகலாம். சாரத்துக்கு மேல் கட்டாயம் தனிப் பட்டி ஒன்று கட்ட வேண்டும். ஒரு கிலோ இரும்பைச் சாரத்தின் முடிச்சு தாங்காது.

தோள் பட்டிக்கு மலிவான நல்ல பொருள் பழைய வாகனங்களின் இருக்கைப் பட்டி. வாகனம் கழற்றி விற்கும் கடைகளில் கிடைக்கும். அகலம் ஏறத்தாழ 48 மில்லிமீற்றர், தோளை வெட்டாது, நனைந்தாலும் நீளாது. 1.6 மீற்றர் வெட்டி, நுனிகளை லைற்றரால் உருக்கி விடுங்கள், இல்லாவிட்டால் தும்பு தும்பாகப் பிரியும். வலக்கைக்காரர் வலத் தோளில் போட்டுக் கத்தியை இட இடுப்பில் விடவேண்டும். உறையில் பட்டி பிடிக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று வாயோரம், மற்றது அதிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே. நெஞ்சுப் பக்கத்தில் இருந்து வரும் முனையை மேல் இடத்திலும், முதுகுப் பக்கத்தில் இருந்து வரும் முனையைக் கீழ் இடத்திலும் கட்டினால் பிடி முன்னுக்கும் நுனி பின்னுக்குமாகச் சரியும். 30 பாகை அளவு சரிவு போதும். அதற்கு மேல் சரித்தால் உங்கள் பின்னால் ஒரு வால் முளைத்த மாதிரி. நீங்கள் திரும்பும்போது அது சூரைக் கொடியை இழுத்து வரும், பின்னால் வருகிறவரின் காலிலும் படும்.

பட்டியின் நீளத்தைச் சரிபார்க்க: நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடியின் நடுப்பகுதி முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் வரவேண்டும். பிறகு எல்லாவற்றுக்கும் மேலால் இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டி உறையை உடம்போடு அமத்துங்கள். இந்தக் கடைசிக் கட்டை ஆட்கள் விட்டுவிடுவதால்தான் தோள் பட்டியும் ஆடுகிறது என்று முறைப்பாடு வருகிறது. நிறையைத் தோள் தாங்கும், ஆட்டத்தை இடுப்பு நிறுத்தும். வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பாருங்கள்: முழுதாகக் குந்துங்கள், முழங்கால் உயரக் கட்டை ஒன்றைத் தாண்டுங்கள், தண்ணீர் அள்ளுவதுபோலக் குனியுங்கள், பத்து அடி ஓடுங்கள். கரடியோ யானையோ எதிரில் வந்தால் ஓடுவதற்கு முதல் ஒத்திகை பார்க்க நேரம் இராது. குனியும்போது கத்தி நழுவினால் பிடிக்கு மேலால் ஒரு பூட்டு வேண்டும். அமத்து பட்டன் போட்ட வார் நல்லது, ரியூப் வளையமும் போதும். பூட்டிய உறையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை உதறிப் பாருங்கள், கத்தி அசையக்கூடாது.

முதுகுப்பை கொண்டுபோனால் கத்திப் பட்டியை முதலில் போட்டுப் பையை அதற்கு மேல் போடுங்கள். பையை இறக்கி வைத்தாலும் கத்தி உடம்பில் இருக்கும். ஆனால் இரண்டு வாரும் ஒரே தோளில் ஏறும்போது வியர்வையோடு சேர்ந்து தோல் உரியும். பை பாரமென்றால் கத்தியைப் பையின் பக்கத்தில் பிடி மேலே, நுனி கீழே இருக்கக் கட்டிவிடுவது மேல். எடுக்கச் சுணங்கும், பரவாயில்லை. நடக்கும்போது கத்தி தேவைப்படாத பாதையென்றால் அதுவே சிறந்த இடமும்கூட.

கூர்ப்பக்கம் எங்கே பார்க்க வேண்டும்? இடுப்பில் தொங்கும் கத்திக்கு முன்னுக்கு. பின்னுக்குத் திருப்பினால் விழும்போது வாய் உங்கள் பின்தொடையை நோக்கி இருக்கும், உறை பிளந்தால் அங்கேதான் இறங்கும்.

முதுகில், தோளுக்கு மேலால் பிடி தெரியக் கட்டுவது படங்களில் வடிவாக இருக்கும். செய்து பாருங்கள்: தோளுக்கு மேலால் கையை முழுதாக நீட்டினாலும் நீள அலகை முழுதாக வெளியே இழுக்க எட்டுவது கடினம். எட்டாதபோது ஆள் உடம்பைக் கோணி இழுப்பார், அலகு காதுக்கும் கழுத்துக்கும் அருகால் வரும். திரும்ப உறைக்குள் போடுவது கண்ணுக்குத் தெரியாத துளைக்குள். பதிந்த கொப்புகளின் கீழால் குனிந்து போகும்போது பிடி கொழுவும். வழுக்கி மல்லாந்து விழுந்தால் முள்ளந்தண்டுக்கும் நிலத்துக்கும் இடையில் ஓர் இரும்புச் சட்டம். சாரத்தின் பின்பக்கத்தில் கத்தியை வெறுமனே செருகிக்கொண்டு போகும் பழக்கத்திலும் இதே ஆபத்து உண்டு, அதிலே உறையும் இல்லை.

முதுகுப் பக்கம் கொண்டுபோகும் மரபுகள் இல்லாமல் இல்லை. நாகாலாந்துக்காரர் தங்கள் தாவோக் கத்தியை இடுப்பின் பின்புறம், ஒரு பக்கம் திறந்த மரக்கூட்டில் கொண்டுபோவார்கள். இத்தாலிய விவசாயிகள் வளைந்த கத்தியை இடுப்புப் பட்டியின் பின்னால் ஓர் இரும்புக் கொழுக்கியில் மாட்டுவார்கள். நம் ஊரில் கள் இறக்குகிறவரின் இயனக்கூடும் அதே யோசனைதான்: மரம் ஏறும்போது முன்பக்கம் மரத்தோடு உரசும், ஆகவே கத்தி பின்னுக்குப் போகிறது. இவை எல்லாம் குட்டைக் கத்திகள், இடுப்பு உயரத்தில் உள்ளவை. தோளுக்கு மேலால் எதுவும் இல்லை. கொழுக்கி முறை வெட்டுகிற இடத்துக்குள் மரத்துக்கு மரம் மாறும்போது மிக வசதி. வெறும் அலகு வெளியே தெரிவதால் நடைக்குப் பொருந்தாது.

இனி உறை. உங்கள் இரண்டு கத்திக்கும் ஒரே வகை உறை சரிவராது. மூக்கு வளைந்த கத்தியின் அகலமான இடம் நுனிப்பக்கம் இருக்கிறது. மேலால் செருகும் உறையை அந்த மூக்குப் போகுமளவு அகலமாகச் செய்தால் பிடியோரம் தொளதொளவென்று ஆடும். ஆகவே காட்டுக்கத்திக்கு அலகின் முதுகுப்பக்கம், அதாவது கூரில்லாத பக்கம், முழுதாகத் திறந்த உறை வேண்டும். கத்தியைப் பக்கவாட்டில் உள்ளே வைத்து, முதுகுக்கு மேலால் இரண்டு வாரைப் பூட்டவேண்டும். நேர் அலகுக்கு வழமையான, வாயால் செருகும் உறை.

தோல் உறை வடிவு, சத்தம் போடாது, ஆனால் வன்னி மாரிக்கு ஒத்துவராது. ஒக்ரோபர் முதல் தை மாதம் வரை நனைந்த தோல் காயவே காயாது, ஈரத்தை அலகோடு வைத்துக்கொண்டு ஒரே இரவில் துருப் பிடிக்கப் பண்ணும். கோடையில் மட்டும் பாவிக்கிறீர்கள் என்றால் 3, 4 மில்லிமீற்றர் மாட்டுத் தோல் நல்லது. மரக்கூடு செய்ய முள்முருக்கு போன்ற பாரமற்ற மரம் உகந்தது. இரண்டு பலகையில் அலகின் வடிவத்தைக் குடைந்து ஒட்டிக் கட்டவேண்டும், கைவேலை தெரிந்தவருக்கே அது. மற்றவர்களுக்குப் பீவீசீ குழாய்தான்.

110 மில்லிமீற்றர் குழாயை நீளவாட்டில் பிளந்து விரித்தால் 34 சென்ரிமீற்றர் அகலப் பலகை கிடைக்கும். சுவர் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இருப்பதைப் பாருங்கள், மெல்லிய கழிவுநீர்க் குழாய் வெடிக்கும். 18 அங்குல அலகுக்கு 49 சென்ரிமீற்றர் துண்டு வெட்டுங்கள். பீவீசீ 80 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும், எனவே கொதிநீரே போதும். பெரிய கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, துண்டை அமிழ்த்தி ஐந்து நிமிடம் வைத்து, இரட்டைச் சாக்கால் பிடித்து எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து ஏறி நில்லுங்கள். ஒரு தரத்தில் தட்டையாகாது, இரண்டு மூன்று தரம் செய்யவேண்டும். தணலுக்கு மேல் பிடித்தால் கெதியாக இளகும், ஆனால் மஞ்சளாகிக் குமிழ் வந்தால் பழுது. அப்போது எழும் புகையில் ஐதரோகுளோரிக் அமில வாயு உண்டு. வீட்டுக்குள் வைத்துச் செய்யவேண்டாம்.

வெட்டும் அளவு இப்படி: அலகைப் பலகையில் வைத்துக் கோடு கீறி, கூர்ப்பக்கம் 2 சென்ரிமீற்றரும் நுனியில் 2 சென்ரிமீற்றரும் கூட விடுங்கள். ஒரே வடிவத்தில் இரண்டு பலகை. இரண்டுக்கும் நடுவில், கூர்ப்பக்கம் முழுவதும் 15 மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் இடைவாரை வைக்கவேண்டும். அதே பீவீசீயில் வெட்டலாம். காட்டுக்கத்திக்கு இரண்டு அடுக்கு, மெல்லிய கத்திக்கு ஓர் அடுக்கு. இந்த இடைவார்தான் உறையின் உயிர். அது இல்லாவிட்டால் அலகின் வாய் நேரே தையலிலோ றிவெற்றிலோ உரஞ்சும். நைலோன் நூல் சில வாரத்தில் அறுந்து, நீங்கள் அறியாமலே உறை பிளந்திருக்கும். றிவெற்றில் உரஞ்சினால் கத்தி மொட்டையாகும். துளைகளை வெளி ஓரத்தில் இருந்து 7 மில்லிமீற்றர் உள்ளே, 25 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் போட்டு, 4 மில்லிமீற்றர் றிவெற் அடியுங்கள், இரண்டு பக்கமும் வளையத்தகடு வைத்து. வளையத்தகடு இல்லாவிட்டால் பீவீசீ துளையோரத்தில் வெடிக்கும். நேர் கத்தி உறைக்கு முதுகுப்பக்கத்திலும் ஒரு மெல்லிய இடைவார் போட்டு றிவெற் அடித்து, வாயை மட்டும் சூடாக்கி 1 சென்ரிமீற்றர் வெளியே விரித்துவிடுங்கள், கத்தி தானாக வழி பிடிக்கும். நுனியில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று, தண்ணீர் வடிய. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடிக்குக் கீழே இந்த உறையை வைத்துவிட்டுப் போகாதீர்கள், நெளிந்துவிடும்.

அவசரத்துக்குக் கமுகம்பாளையை நனைத்து அலகைச் சுற்றி ரியூப் வாரால் வரிந்து கட்டலாம். ஒரு நாள் நடைக்குத் தாங்கும். உரப்பையைச் சுற்றுவது உறையே இல்லை. கண்ணுக்கு மறைப்பது மட்டும்தான், வாய் அதை இரண்டு நிமிடத்தில் அறுத்துவிடும்.

எந்த உறையானாலும் விரல் போவது பெரும்பாலும் கத்தியை இழுக்கும்போதும் திரும்பப் போடும்போதும். இடக்கையால் உறையைப் பொத்திப் பிடித்து வலக்கையால் இழுத்தால் நாலு விரலும் கூர்ப்பக்கத்தில் இருக்கும். உறை பழசாகி இடைவார் தேய்ந்திருந்தால் அலகு அதைப் பிளந்துகொண்டு வரும். உறையின் இரண்டு தட்டைப் பக்கத்தையும் பெருவிரலாலும் மற்ற விரல்களாலும் நுள்ளிப் பிடியுங்கள், கூர் ஓரத்தில் எந்த விரலும் வேண்டாம். இழுக்கும்போது அலகின் முதுகு உறையின் முதுகோடு உரசி வரட்டும். திரும்பப் போடும்போது நின்று, பார்த்துப் போடுங்கள். நடந்துகொண்டே, ஆளோடு கதைத்துக்கொண்டே போடுவது எத்தனையோ உள்ளங்கைகளைத் தைக்க வைத்திருக்கிறது.

கையில் வெறும் கத்தியோடு போவது பாதை வெட்டிக்கொண்டு போகும்போது மட்டும். கை நேராகத் தொங்க, கூர் முன்னுக்கும் வெளியேயும் பார்க்க, பள்ளம் இருக்கும் பக்கத்துக் கையில். வழுக்கினால் கத்தியைப் பள்ளப் பக்கம் எறிந்துவிடுவதுதான் சரி, பிடித்துக்கொண்டு விழக்கூடாது. ஆகவே மணிக்கட்டில் கயிற்று வளையம் போடவேண்டாம். வெட்டுகிறவர் முன்னே, மற்றவர்கள் 3 மீற்றராவது பின்னே. முட்கம்பி வேலியைத் தாண்டும்போது முதலில் கத்தியைக் கீழால் மறுபக்கம் தள்ளி, நீங்கள் குதிக்கும் இடத்துக்கு விலத்தி வையுங்கள். இன்னொருவருக்குக் கொடுக்கும்போது விழுந்த கட்டையில் கொத்தி விடுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மோட்டார் சைக்கிளில் உறையோடு சாக்கில் சுற்றி, பின் இருக்கையில் நீளவாட்டில், நுனி பின்னுக்குப் பார்க்க, ரப்பர் கயிறு இரண்டால் கட்டுங்கள். குறுக்கே கட்டினால் எதிரே வருகிறவரையோ வேலிக் கம்பையோ அடிக்கும். சைக்கிளில் நடுத்தண்டின் கீழ்ப்பக்கம் நீளவாட்டில் வரியலாம், மிதிக்கும்போது முழங்கால் படாதபடி பிடியின் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீதியில் யாராவது மறித்தால் கத்தி இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், கையைக் கொண்டுபோய் அவிழ்க்காதீர்கள். காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி ஒன்று பொக்கற்றில் இருக்கட்டும். காணி எல்லை முடிந்து ஒதுக்குக்காடு தொடங்கும் இடம் உங்களுக்குத் தெரியவேண்டும். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது, அங்கே அனுமதியில்லாமல் மரத்தில் கத்தி வைப்பது குற்றம். 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதிப் பக்கங்களில் இன்னும் இறுக்கம்.

தாழ்வாகத் தொங்கும் உறைக்கு வன்னியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மிருகம் தட்டினால் வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கின் கம்பி பெரும்பாலும் மிருகத்தின் நெஞ்சு உயரத்தில், அதாவது உங்கள் முழங்கால், தொடை உயரத்தில் பாதைக்குக் குறுக்கே இழுத்திருக்கும். கண் முன்னால் பார்க்கும், பின்னால் ஆடும் உறை நுனி பார்க்காது. மிருகத் தடத்தில் நடக்கும்போது உறை உடம்போடு ஒட்டியிருக்கவேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை தெரிந்தால் அதற்கு அப்பால் கத்திக்கும் வேலையில்லை, காலுக்கும் வேலையில்லை. எங்கானாலும் அலகால் மண்ணைக் கிண்டிப் பார்க்கவேண்டாம்.

தடித்த துணியும் சுற்றுப்பட்டியும் பையின் வெளிப்பொக்கற்றில் இருக்கட்டும். வெட்டினால் துணியை வைத்து, விடாமல் பத்து நிமிடம் அமத்திப் பிடியுங்கள், இடையில் திறந்து பார்க்காமல். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், ஏற்பு (ரெற்றனஸ்) தடுப்பூசி போட்டு எவ்வளவு காலம் என்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றித் துளைப்பக்கம் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள், கத்தியை அதற்குள் வைக்கவேண்டாம். பாலை வெட்டிய கத்தியில் பால் பிசினாக ஒட்டியிருக்கும், தண்ணீருக்குப் போகாது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் மெல்லிசாகப் பூசுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அது நாள்பட இறுகிப் பசையாகி, அடுத்த முறை கத்தி உறைக்குள் சிக்கும்.